சிங்கப்பூரில் மறைந்துபோன குதிரைப் பந்தயத் திடல்களைத் தேடிப் பிடிப்பது எப்படி

லிட்டில் இந்தியா என்கிற தேக்காவில் யாரைக் கேட்டாலும் ரேஸ் கோர்ஸ் ரோட்டைக் காட்டிவிடுவார்கள். அந்த ரேஸ் கோர்ஸ் எங்கே என்று கேட்டால்தான் யோசிப்பார்கள். 1843லிருந்து 2024 வரை 181 ஆண்டுகள் இந்தத் தீவில் குதிரைப் பந்தயம் நடந்தது. திடல் இரண்டு முறை இடம் மாறியது. மொத்தம் மூன்று திடல்கள், இன்று மூன்றிலுமே பந்தயம் கிடையாது. இவற்றைக் காகிதத்திலும் தரையிலும் எப்படித் தேடுவது என்று தெரிந்த வரை சொல்கிறேன். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவன் நான். என் தாய்மாமா புக்கிட் தீமா லாயத்தில் குதிரை பார்த்தவர். அதனால் இந்த விஷயத்தில் எனக்கு இரண்டு பக்கத்துப் பிடிப்பும் உண்டு.

பந்தயத் திடல் என்பது நகரத்துக்குள் ஒரே துண்டாகக் கிடக்கும் பெரிய சமதரை. அப்படி ஒரு இடம் இருந்தால் ஊர் அதைச் சும்மா விடாது. விமானம் இறக்கும், படையை நிறுத்தும், மேடை போட்டுப் பேசும், பந்து விளையாடும், கடைசியில் வீடு கட்டும். இவற்றை இன்றிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் தொட்டுக்கொண்டே போனால் திடல் கிடைத்துவிடும். நேராகக் குதிரையைத் தேடிப் போனால் யார் ஜெயித்தார், எவ்வளவு பணம் என்பதுதான் கிடைக்கும்.

பெயரிலிருந்து தொடங்குங்கள்

மூன்று திடல்களும் மூன்று சாலைப் பெயர்களை விட்டுப் போயிருக்கின்றன. தேக்காவில் ரேஸ் கோர்ஸ் ரோடு, பக்கத்திலேயே ரேஸ் கோர்ஸ் லேன். இது 1843இல் தொடங்கிய முதல் திடல். புக்கிட் தீமாவில் டர்ஃப் கிளப் ரோடு, 1933 முதல் 1999 வரை இருந்த இரண்டாவது திடல். கிராஞ்சியில் டர்ஃப் கிளப் அவென்யூ, 1999 முதல் 2024 வரை ஓடிய மூன்றாவது.

பழைய செய்தித்தாள்களில் தேடும்போது காலத்துக்கு ஏற்ற பெயரைப் போட வேண்டும். 1842இல் பந்தயங்களை நடத்திய கழகம் தொடங்கியபோது அதன் பெயர் சிங்கப்பூர் ஸ்போர்ட்டிங் கிளப். 1924இல்தான் டர்ஃப் கிளப் ஆனது. ஆகவே 1900ஆம் ஆண்டுச் செய்தியை டர்ஃப் கிளப் என்று தேடினால் கிடைக்க வேண்டியது கிடைக்காது. முதல் திடலை அந்தக் காலத்தில் வெறுமனே ரேஸ் கோர்ஸ் என்றுதான் எழுதினார்கள், ஏனென்றால் வேறு திடல் கிடையாது. புக்கிட் தீமா வந்த பிறகு அதே இடம் 'பழைய ரேஸ் கோர்ஸ்' ஆகி, அப்புறம் ஃபேரர் பார்க் ஆனது. நகராட்சித் தலைவராக இருந்த ரோலண்ட் ஜான் ஃபேரரின் பெயர் அது. ஹாலந்து பக்கம் இருக்கும் ஃபேரர் ரோட்டுக்கும் அவர் பெயர்தான். இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அந்த ரோட்டில் பந்தயத் திடல் எதுவும் இருந்ததில்லை.

தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளம் இலவசம், வீட்டிலிருந்தே பார்க்கலாம். முதல் பந்தயம் 1843 பிப்ரவரி 23. அதை ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸில் தேடிப் பயனில்லை, அந்தப் பத்திரிகையே 1845இல்தான் பிறந்தது. 1835இலிருந்து வந்த சிங்கப்பூர் ஃப்ரீ பிரஸ் பக்கம் போங்கள். டபிள்யூ.எச்.ரீட் என்ற வணிகர் தானே குதிரையேறி முதல் கோப்பையை வென்றார். பரிசு 150 வெள்ளி. கழகத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

தமிழில் தேட நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. தமிழ் முரசு 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கியது, ஆகவே அதில் முதல் திடலின் பந்தயக் காலம் இருக்காது, புக்கிட் தீமா காலம்தான் இருக்கும். 1887இல் தொடங்கிய சிங்கை நேசன் முதல் திடலின் காலத்தைச் சேர்ந்தது. பழைய தமிழ் அச்சைக் கணினி சரியாகப் படிப்பதில்லை. தேடல் பெட்டியை நம்பாமல், பந்தயம் நடந்த வாரத்தை ஆங்கிலப் பத்திரிகையில் பிடித்துக்கொண்டு, அந்த வாரத்துத் தமிழ் இதழைக் கண்ணால் புரட்டுங்கள். நேரம் பிடிக்கும். ஆனால் பந்தயச் செய்திக்காகப் புரட்டப் போய், பக்கத்திலேயே அரிசி விலையும் கப்பல் வரவும் வாசிக்கக் கிடைக்கும். அந்த ஊரே கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

வரைபடத்தை எப்படிப் பொருத்துவது

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் பழைய வரைபடத் தளத்திலும் தேசிய ஆவணக் காப்பகத்திலும் நல்ல வரைபடங்கள் இருக்கின்றன. பழைய வரைபடத்தை இன்றைய வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்கும்போது பலரும் சாலைகளை வைத்துப் பொருத்துகிறார்கள். அது வேண்டாம். சாலை அகலும், வளையும், சில சமயம் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு நகர்ந்தே போகும். இடம் மாறாத பொருள்களைப் பிடியுங்கள்.

முதல் திடலுக்கு நான் பயன்படுத்துவது கோயில்களும் கால்வாயும். சிராங்கூன் ரோட்டில் சீனிவாசப் பெருமாள் கோயில் 1855இலிருந்து அதே இடத்தில் இருக்கிறது, அப்போது நரசிங்கப் பெருமாள் கோயில் என்பார்கள். கொஞ்சம் கீழே வீரமாகாளியம்மன் கோயில். புக்கிட் தீமா ரோட்டை ஒட்டி ஓடும் கால்வாய் மூன்றாவது. இந்த மூன்றும் பொருந்திவிட்டால் நடுவில் இருப்பது எல்லாம் கிட்டத்தட்ட அதனதன் இடத்தில் வந்து உட்காரும். கோயில் என்றால் கோபுரத்தை வைத்துப் பொருத்தக் கூடாது. கோபுரம் பிறகு கட்டியதாக இருக்கும். கருவறை இருக்கும் இடத்தை வையுங்கள்.

பொருத்தியதும் ஒன்று உடனே தெரியும். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் குதிரை ஓடவில்லை. அது திடலின் கிழக்கு ஓரமாகப் போன சாலை. ஓடுபாதை அதற்கு மேற்கே, இன்றைய ஃபேரர் பார்க் திடலும் டார்செட் ரோடும் இருக்கும் பக்கம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். திடலுக்கும் சிராங்கூன் ரோட்டுக்கும் நடுவில் எருமைப் பெயர்கள்: பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு. மேய்ச்சலுக்குப் புல்லும் தண்ணீரும் இருந்த தாழ்வான நிலம் அது. மாட்டுக்காரர்களும் பால்காரர்களும் இங்கே வந்து சேர்ந்ததற்கும், குதிரைக்குத் தரை கிடைத்ததற்கும் அதே புல்தான் காரணம். நம் ஆட்கள் தேக்காவில் வேர் விட்ட கதையை மாட்டுத் தொழிலிலிருந்து தொடங்குவார்கள். பக்கத்து மைதானத்தையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

முதல் திடலின் மேல் வந்தவை

இங்கேதான் பின்னோக்கித் தொடும் வேலை பலன் கொடுக்கும். இன்றைக்கு அங்கே போனால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகள் எழும்புவதைப் பார்க்கலாம், சுமார் 1,600 வீடுகளுக்கான திட்டம். திறந்தவெளியில் ஒரு பகுதியை விளையாட்டுக்கென்று விட்டு வைக்கிறார்கள். அதற்கு முன் பல தலைமுறைப் பிள்ளைகள் அங்கே காற்பந்தும் ஹாக்கியும் ஆடினார்கள், 1957இல் திறந்த நீச்சல் குளத்தில் நீந்திப் பழகினார்கள். அதற்கும் முன், 1950களில் அரசியல் கட்சிகள் கூட்டம் போட்ட இடம். இன்னும் பின்னால் போனால் 1942 பிப்ரவரி 17.

அந்தத் தேதியை நம்மவர்கள் ஒவ்வொருவரும் அந்த மண்ணில் நின்று நினைக்க வேண்டும் என்று விரும்புகிறேன். சிங்கப்பூர் சரணடைந்து இரண்டே நாள். பிரிட்டிஷ் இந்தியப் படையின் சிப்பாய்கள் 40,000 பேருக்கு மேல் ஃபேரர் பார்க்கில் திரட்டப்பட்டார்கள். பிரிட்டிஷ் அதிகாரி அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாரா பேசினார், அவர் பேச்சை மொழிபெயர்த்துச் சொன்னார்கள். பிறகு கேப்டன் மோகன் சிங் பேசினார். இந்திய தேசிய ராணுவத்தின் முதல் வடிவம் அங்கே உருவானது. இவ்வளவு பேரை ஒரே இடத்தில் நிறுத்த ஊருக்குள் வேறு எங்கே இடம் இருந்தது? குதிரைக்காகச் சமப்படுத்திய தரைதான் உதவியது.

இன்னும் பின்னால் விமானங்கள். 1911 மார்ச் 16 அன்று ஜோசப் கிறிஸ்டியன்ஸ் என்ற பெல்ஜியக்காரர் பிரிஸ்டல் இரட்டை இறக்கை விமானத்தில் இந்தத் திடலிலிருந்து எழும்பினார். சிங்கப்பூரில் பறந்த முதல் விமானம் அது. 1919 டிசம்பர் 4 அன்று ராஸ் ஸ்மித்தும் அவர் அண்ணன் கீத் ஸ்மித்தும் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியா போகும் வழியில் விக்கர்ஸ் விமி என்ற பெரிய விமானத்தை இதே திடலில் இறக்கினார்கள். திடல் அந்த விமானத்துக்குச் சின்னது. தரை தொடும் நேரத்தில் பென்னட் என்ற மெக்கானிக் தன் இருக்கையிலிருந்து வெளியே ஏறி, விமானத்தின் முதுகு மேலேயே வழுக்கிக்கொண்டு வால் வரைக்கும் போனார். அவர் கனத்தில் வால் கீழே அமுங்கி, சுமார் 100 கஜத்துக்குள் விமானம் நின்றது.

நில அளவைக்காரனுக்கு இது வெறும் சாகசக் கதை அல்ல, ஒரு அளவு. ஓடுபாதையின் நேர்க்கோட்டுப் பகுதி எவ்வளவு குட்டையாக இருந்தது, சுற்றிலும் கட்டடங்கள் எவ்வளவு நெருங்கிவிட்டன என்பது இதிலிருந்து புரியும். ஊர் திடலை நெருக்கிக்கொண்டிருந்தது. புக்கிட் தீமாவுக்குப் பெயர்ந்ததற்கு அதுதான் காரணம். இப்படி ஒரு துறையின் கதையை வைத்து இன்னொன்றை அளப்பது நல்ல பழக்கம். 1891இல் தொடங்கிய சிங்கப்பூர் கோல்ஃப் கிளப்பும் முதலில் இந்தத் திடலிலேயே ஆடியது, ஆகவே கோல்ஃப் செய்திகளையும் புரட்டலாம்.

நடக்கும்போது

லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஃபேரர் பார்க் எம்ஆர்டி வரை நடந்தால் போதும். உங்கள் இடது கை பழைய திடல் பக்கம். காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள், சாப்பாட்டுக் கடைகள் திறந்து வண்டிகள் நிற்கத் தொடங்கிவிட்டால் தரை தெரியாது. சாலை முழுக்க ஏற்றமோ இறக்கமோ கிடையாது என்பதைக் காலால் உணருங்கள். இடது பக்கம் வரும் ஒவ்வொரு குறுக்குத் தெருவிலும் நின்று, கண் எவ்வளவு தூரம் தடையில்லாமல் போகிறது என்று பாருங்கள். கிளாஸ்டர் ரோடு, டார்செட் ரோடு பக்கம் திரும்பியதும் வானம் திடீரென்று அகலமாகும்.

திரும்பி வரும்போது பெருமாள் கோயில் பின்பக்கத்தைப் பாருங்கள். தைப்பூசத்தன்று காவடி எடுத்து அங்கிருந்து கிளம்பியவர்கள் எத்தனையோ பேர் இருப்பீர்கள். கோயிலில் அந்தக் கூட்டம் கூடும் இடத்திலிருந்து சில நூறு அடி தள்ளி, பந்தயம் பார்க்க இன்னொரு கூட்டம் வருஷம்தோறும் கூடிக் கலைந்திருக்கிறது.

புக்கிட் தீமா

1933 ஏப்ரல் 15 அன்று ஆளுநர் சிசில் கிளமெண்டி திறந்துவைத்த திடல் இது. முன்பு ரப்பர்த் தோட்டம். இங்கே வரைபடத்தைவிட மேடு பள்ளம்தான் சாட்சி. நடுவில் தட்டையாக்கிய பெரும் பரப்பு, சுற்றிலும் சரிவுகள். இயற்கையாக அப்படி ஒரு தட்டை அமையாது. நிலமட்டக் கோடுகள் போட்ட வரைபடத்தை எடுத்தால், கோடுகள் நெருங்கி வந்து, திடீரென்று ஒரு நீள்வட்டத்தைச் சுற்றி விலகிப் போவதைப் பார்க்கலாம்.

1999க்குப் பிறகு டர்ஃப் சிட்டி என்ற பெயரில் பழைய கார் வியாபாரிகளும் கடைகளும் விளையாட்டுத் திடல்களும் பார்வையாளர் மண்டபத்தில் குடியிருந்தன. 2023 இறுதியோடு அதுவும் முடிந்தது. அடுத்த 20 முதல் 30 ஆண்டுகளில் 15,000 முதல் 20,000 வீடுகள் வரப்போகின்றன. வடக்கு, தெற்குப் பார்வையாளர் மண்டபங்களை இடிக்காமல் வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். குறுக்குத் தீவு ரயில் பாதையில் வரவிருக்கும் நிலையத்துக்கும் டர்ஃப் சிட்டி என்றுதான் திட்டத்தில் பெயர். வேலி போட்ட இடத்துக்குள் நுழைய முயல வேண்டாம். வெளியிலிருந்து பார்த்துவிட்டு, சாலையைக் கடந்து பழைய புக்கிட் தீமா ரயில் நிலையத்துக்குப் போங்கள். 1932இல் திறந்த நிலையம், 2011 ஜூன் 30 வரை ரயில் ஓடியது. பந்தயக் குதிரைகளை ரயிலில் கொண்டுவந்து இறக்கியது இங்கேதான்.

மனிதர்களிடம் கேட்பது

காகிதத்தில் உரிமையாளர்களும் ஜாக்கிகளும் இருப்பார்கள். குதிரைக்குத் தண்ணீர் காட்டியவர்கள் இருக்க மாட்டார்கள். லாயங்களில் வேலை செய்த சைஸ்கள், அதாவது குதிரை பராமரித்தவர்கள், பலர் இந்தோனேசியாவின் பாவியான் தீவிலிருந்து வந்தவர்கள். தமிழர்களும் சீனர்களும் இருந்தார்கள். அந்த வேலை எப்படி நடந்தது என்பதை அவர்கள் வாயால்தான் கேட்க முடியும்.

கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. "அந்தக் காலத்துல ரேஸ் பார்ப்பீங்களா?" என்று தொடங்கினால் பெரியவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். பந்தயம் என்றால் நம் வீடுகளில் சம்பளப் பணம் போனது, நகை அடகுக் கடைக்குப் போனது, அம்மா அழுதது. அதைப் புதியவரிடம் யாரும் சொல்ல மாட்டார்கள். வேலையிலிருந்து தொடங்குங்கள். "காலையில எத்தனை மணிக்கு எழுந்து போவீங்க? புல்லு எங்கேயிருந்து வரும்? எந்த பஸ்?" என் மாமாவிடம் நான் கேட்ட முதல் கேள்வி, குதிரையை எதால் தேய்ப்பீர்கள் என்பது. அவர் எழுந்து நின்று, இடது உள்ளங்கையைக் குதிரையின் தோள் இருக்கும் உயரத்தில் வைத்துக்கொண்டு, வலது கையால் கழுத்திலிருந்து வயிறு வரை காற்றில் தேய்த்துக் காட்டினார். முடி போகும் திசையிலேயே போக வேண்டும், வயிற்றுக்கு வந்ததும் கையை லேசாக்க வேண்டும், இல்லாவிட்டால் உதைக்கும் என்றார். அப்புறம் அவரே நிறுத்தாமல் பேசினார். இருட்டில் குதிரையை நடத்திக்கொண்டு போனது, எந்தக் குதிரை யார் குரலுக்குத் திரும்பும் என்பது, எல்லாம் வந்தது. பணம் போன கதையும் கடைசியில் தானாக வந்தது. அதையும் எழுதிக்கொண்டேன். அது இல்லாமல் எழுதும் பந்தய வரலாறு பாதி வரலாறுதான்.

கேட்கப் போவதற்கு முன் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளைக் கேட்டுவிட்டுப் போங்கள். 1979இலிருந்து சேர்த்து வருகிறார்கள், பலவற்றை இணையத்திலேயே கேட்கலாம். ஒருவர் எங்கே நிறுத்துகிறார், எங்கே குரல் மாறுகிறது என்று பழகிக்கொள்ள உதவும்.

வீட்டில் பழைய படம் இருந்தால் அது எந்தத் திடல் என்று பின்னணியை வைத்துச் சொல்லிவிடலாம். குதிரைக்குப் பின்னால் மரம் அடர்ந்த மேடு தெரிந்தால் புக்கிட் தீமா என்று எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். கடைவீட்டுக் கூரைகளோ வெட்டவெளியோ என்றால் முதல் திடல். விளக்குக் கம்பங்களும் இரவுப் பந்தயமும் இருந்து, படம் வண்ணத்தில் தெளிவாக இருந்தால் கிராஞ்சி. படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிப் பின்பக்கத்தையும் பாருங்கள், ஸ்டூடியோ முத்திரையோ பழைய பந்தயச் சீட்டோ அங்கே இருக்கலாம்.

கிராஞ்சியை இப்போதே செய்யுங்கள்

கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் 2024 அக்டோபர் 5 அன்று ஓடியது. மூடப் போவதாக 2023 ஜூனில்தான் அறிவித்தார்கள். சுமார் 124 ஹெக்டர் நிலத்தை 2027 மார்ச்சுக்குள் அரசாங்கத்திடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் திடலுக்கு நாம் வரைபடத்தையும் பழைய செய்தியையும் நம்பியிருக்கிறோம். இந்தத் திடலுக்கு அந்த நிலைமை வர வேண்டியதில்லை. அங்கே வேலை பார்த்தவர்கள் நம்மோடு இருக்கிறார்கள், கேண்டீனில் பரோட்டா போட்டவரிலிருந்து லாடம் அடித்தவர் வரை.

அவர்களைப் பிடித்து உட்காரவைத்து, ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்து, தாங்கள் வேலை செய்த இடத்தை வரையச் சொல்லுங்கள். அளவு சரியாக இருக்க வேண்டியதில்லை. எந்தக் கதவு வழியாக உள்ளே வந்தார்கள், குதிரையை எங்கே கட்டினார்கள், மழைக்கு எங்கே ஒதுங்கினார்கள் என்று கேட்டுக் கேட்டு அவர்கள் கையாலேயே எழுதவையுங்கள். தொலைபேசியில் குரலையும் பதிவு செய்யுங்கள், அனுமதி கேட்டுவிட்டு. பதிவின் தொடக்கத்திலேயே நாள், இடம், அவர் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை அங்கே வேலை செய்தார் என்பதைச் சொல்லச் சொல்லுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போதும் அதே மூன்றையும் போடுங்கள். தாளில் வரைந்ததை அன்றைக்கே படமெடுத்து, குரல் பதிவோடு ஒரே இடத்தில் வைத்துவிடுங்கள்.